அட்டையில் ஒரே கோடு

மூக்குக்குள் குச்சி போனதும் நாச்சிமுத்துவுக்கு வலியை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. அந்த நர்ஸுப் பெண் மேல் வந்த கோபமில்லை, தன் தலை மேல் வந்தது. சாய்ங்க என்று சொன்னதும் நல்ல பிள்ளையாட்டம் பின்னால் சாய்ந்து முகத்தைத் தூக்கிக் கொடுத்த அந்தத் தலை மேல். மாட்டு யாவாரத்துக்கு வந்த நாளிலிருந்து எத்தனை காளைக்கு மூக்கணாங்கயிறு குத்தியிருப்பார், ஏதாவது ஒன்று இப்படி வாகாக மூக்கைக் காட்டியதுண்டா? நாலு ஆள் கொம்பைப் பிடித்து, காலைக் கட்டி, மண்ணில் சாய்த்து, அதற்கப்புறமும் அது ஒரு உதறு உதறினால் ஒருத்தன் சாணியில் கிடப்பான், ஒருத்தன் வேலியில் கிடப்பான். இவரோ பிளாஸ்டிக் நாற்காலியில் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தும்மல் ஒன்று பாதி வழியில் நின்று வெளியேயும் வராமல் உள்ளேயும் போகாமல் இம்சிக்க, "ஆச்சுங்கய்யா, ஆச்சுங்கய்யா, இன்னும் ஒரே சுத்து" என்று சொல்லிச் சொல்லியே திருகுகிறவளுக்கு அடங்கி உட்கார்ந்திருக்கிறார். குச்சியை உருவியதும் தும்மல் வெடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகமூடிக்கு மேலே கண் சிரித்தது. "இன்னொரு பக்கமும் காட்டுங்கய்யா." "அதெதுக்கு?" "முதல்ல எடுத்தது இங்கயே அட்டையில பாக்கறதுங்க. இது பெரிய லேபுக்குப் போகும், நாளைக்குத்தான் வரும்." "ஒரு மாட்டை ரெண்டு சந்தையில விக்கறீங்களாக்கும்" என்றார். குரல் தகரத்தில் கல் உரசினது போல வந்தது. அவளுக்குப் புரியவில்லை, புரியாவிட்டாலும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இரண்டாவது குச்சியையும் விட்டாள். அதற்கும் அந்தத் தலை தானாகவே சாய்ந்தது.

வெளியே பெஞ்சில் போய் உட்காரச் சொன்னார்கள், அட்டையில் கோடு விழுந்ததும் கூப்பிடுவார்களாம். உட்கார மாட்டேன் என்று நின்றார், காய்ச்சல் பிடித்து அமுக்கியதும் உட்கார்ந்தார், உட்கார்ந்ததற்குத் தானே காரணம் என்று காட்டிக்கொள்ள வேட்டி நுனியை ஒரு உதறு உதறினார். நேற்று மத்தியானம் சந்தையில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போது இவருக்கு மட்டும் குளிர் அடித்தது. பல் கிட்டியது. ஒரு ஜோடி எருதுக்கு விலை முடிகிற நேரம், துண்டுக்குள் எதிராளியின் விரலைப் பிடித்திருந்தார், அவன் "ஏனுங் மாமா, கையி அடுப்பாட்டம் கொதிக்குது" என்றான். அடுப்பு சூடாக இருந்தால்தான் சோறு வேகும், நீ விலையைச் சொல்லு என்று மடக்கி விட்டார். சாயங்காலம் மருந்துக் கடையில் காய்ச்சல் செட் ஒன்று, வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதி சிவப்பு பாதி கறுப்பு ஒன்று, வாங்கி விழுங்கினார், வேர்த்தது, விட்டது, விடிந்ததும் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக எவனோ உலக்கையால் இடிக்கிற மாதிரி திரும்ப வந்தது. மயிலாத்தாதான் கிளப்பி விட்டாள். பெண்டாட்டி சொல்லி ஆஸ்பத்திரிக்கு வருகிற ஆள் இல்லை நாச்சிமுத்து. ஆனால் வந்தார். ஏன் வந்தார் என்று மனசு கேட்டபோது அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போகாமல் சுற்றிக்கொண்டு போனார், செக்கு மாடு சுற்றுகிற மாதிரி. காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது உள் அறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. வாணியின் இருமல். எட்டு மாசத்து வயிற்றோடு பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிற ஒரே மகளின் இருமல், வறட்டு இருமல், வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு இருமினால் இடையில் ஒரு சின்ன முனகல் வருமே, அந்த இருமல். அது காதில் விழவில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார், வாயைக் கொப்பளித்தார், கொஞ்சம் சத்தமாகவே கொப்பளித்தார். சினைமாட்டுக்குக் காய்ச்சல் வந்தால்— சீ, எங்கே போகிறது புத்தி, மகளை நினைக்கிற இடத்தில் மாடா வருவது. எதிரே சுவரில் ஒரு கொழுத்த குழந்தை படத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றுவதைப் பார்த்தால் தலை சுற்றியது.

அந்த டாக்டர் அம்மா, ஜெசிந்தாவாம் பெயர், வாணியைவிட நாலைந்து வயசு கூட இருக்கும், என்ன கேள்வி கேட்டாள் அப்பா. வாயைத் திறக்கச் சொன்னாள், டார்ச் அடித்தாள். ஆயிரம் மாட்டுக்கு உதட்டைப் பிதுக்கிப் பல் பார்த்த கை இந்தக் கை, இன்றைக்கு இவர் 'ஆ' என்று காட்டிக்கொண்டு நின்றார். எத்தனை பல்லு போட்டிருக்குதுன்னு சொல்லுங்க அம்மிணி, விலை சொல்றேன் என்று நக்கலாகச் சொல்லத் தோன்றியது, வாய் திறந்திருந்ததால் சொல்ல முடியவில்லை. முதுகில் குழாயை வைத்து இழுத்து மூச்சு விடுங்க என்றாள். விரல் நுனியில் கவ்வுகிற ஒரு சின்னக் கருவியை மாட்டினாள். அதுதான் அவருக்குப் பிடிக்கவேயில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்தால் பிடிக்கிறவனுக்கும் ஒன்று தெரியும், பிடி கொடுக்கிறவனுக்கும் ஒன்று தெரியும், ஒரு அழுத்து அழுத்தினால் விலை மேலே, ஒரு விரலை மடக்கினால் கீழே; இது பாட்டுக்கு விரலைப் பிடித்துக்கொண்டு சிவப்பு வெளிச்சம் காட்டி உள்ளே இருக்கிறதையெல்லாம் அவளுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. "மூச்சுக்காத்து நல்லாத்தான் இருக்கு. நெஞ்சும் இப்போதைக்குச் சுத்தம். காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுது?" நேத்து. "திடீர்னா, கொஞ்சங் கொஞ்சமாவா?" கல்லெறிஞ்சாப்பல. "சர்க்கரை இருக்கா?" "டீயில போடுவாங்க." அவள் சிரிக்கவில்லை, விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அதையும் தெரிந்துகொண்டாள். "ஒரு ஊசி போட்டுவிடுங்க, நான் கிளம்பறேன், சந்தையில ஆள் நிக்குது" என்றார். "ஊசி போட்டா காய்ச்சல் எறங்கும், கிருமி எறங்காது. மருந்துக் கடையில வாங்கினீங்களே, அந்த கேப்சூல் இந்தக் கிருமிக்கு ஒண்ணும் பண்ணாது, நிறுத்திருங்க." ஊசி போடாத டாக்டரை இன்றைக்குத்தான் பார்க்கிறார். கடைசியாக, எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமலே கேட்டாள், "வீட்ல வேற யாரெல்லாம் இருக்காங்க? சின்னக் குழந்தை, வயசானவங்க, மாசமா இருக்கறவங்க யாராச்சும்? யாருக்காச்சும் இருமல், காய்ச்சல்?" வாய் முந்திக்கொண்டது. "நானும் என்ற சம்சாரமும்தான். வேற ஆருமில்ல."

ஏன் அப்படிச் சொன்னார்? சொன்னதும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு ஊறியது, அது காய்ச்சல் கசப்புதான் என்று தேற்றிக்கொண்டார். ஆனால் காரணம் அவருக்குத் தெரியும், தெரியாமல் எப்படி, அதில்தானே சோறு தின்றார். எது உனக்கு வேண்டுமோ அதை எதிராளிக்குக் காட்டாதே. மீசை முளைக்காத வயசில் அடுத்தவன் மாட்டுக்குக் கயிறு பிடித்து நின்ற காலத்தில் ஒரு செவலைக் கிடாரிக் கன்று, நெற்றியில் விபூதி வைத்தாற்போல வெள்ளை, அதன் மேல் ஆசை வைத்துவிட்டார். ஆசையைக் கண்ணில் வைத்துக்கொண்டு போய் நின்றார். விற்கிறவன் கன்றைப் பார்க்கவில்லை, இவர் கண்ணைப் பார்த்தான், பார்த்து விலை சொன்னான், சுற்றி நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள், "தம்பிக்கு நாக்குல எச்சி ஊறுதுடோய்." அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினவர் அதற்கப்புறம் வேண்டியதை வேண்டாததுபோல் பார்க்கக் கற்றுக்கொண்டார். பிடித்த மாட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பது. சுழி சரியில்லை, வால் குட்டை, கண்ணில் பீளை என்று ஆயிரம் நொள்ளை சொல்வது. முடிகிற விலை முடியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது, திரும்பிப் பார்க்காமல் நடப்பது, அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. புளியமரத்தைத் தாண்டுவதற்குள் "நாச்சிமுத்தண்ணா, அட நில்லுங்க" என்று குரல் வரும், வராமல் இருந்ததேயில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட வாணியைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை, படிச்சிருக்கறா, இருக்கறா என்று அசட்டையாகச் சொன்னார், உள்ளே எந்த மூலையில் வைத்திருக்கிறார் என்று எவனுக்கும் காட்டவில்லை, மயிலாத்தாளுக்கே காட்டவில்லை. அதே பழக்கம். பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, எது உனக்கு ரொம்ப வேண்டும் என்று கேட்கிற மாதிரி கேட்டாள், இவர் முதுகைக் காட்டிவிட்டார். மாசமா ஒருத்தி இருக்கறா என்று சொல்லியிருந்தால் அவ்வளவுதான், ஸ்கேன் என்பாள், பெட்டில் போடு என்பாள், பயத்துக்கு ஒரு விலை, பாசத்துக்கு ஒரு விலை. நேற்றுச் சாயங்காலம் வாணிதான் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஏனுங்கப்பா, இப்படிக் கொதிக்குது" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து, இவர் குடித்து மீதி வைத்த ரசத்தை எடுத்து அவள் குடித்தாள். அதே டம்ளரில். தடுக்கத் தோன்றவில்லை. சினைமாட்டுக்குக் காய்ச்சல் வந்து விழுந்தால்— மின்விசிறி சுற்றியது. பக்கத்தில் ஒரு பெண் மடியில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள், தட்டுகிற சத்தமும் இவர் காதுக்குள் அடிக்கிற சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து, பிரிந்து, சேர்ந்தன.

"நாச்சிமுத்து" என்று கூப்பிட்டார்கள். மேசை மேல் அட்டை கிடந்தது, தீப்பெட்டியைவிட நீளமாக, நடுவில் ஒரு சன்னல், சன்னலில் ஒரே ஒரு கோடு. "ஒரு கோடுன்னா?" "ஃப்ளூ இல்லைன்னு காட்டுது." இடிக்கிற உலக்கை ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்ற மாதிரி இருந்தது. இல்லை. இவருக்கு இல்லையென்றால் வாணிக்கும் இல்லை, டம்ளரில் ஒன்றும் இல்லை, ரசத்தில் ஒன்றும் இல்லை, அது சாதாரணத் தொண்டைக்கட்டு, தலைக்குக் குளித்த ஈரம். "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னனில்ல, வெயில் சூடு" என்று எழுந்தார். "உக்காருங்க ஐயா. இல்லைன்னு காட்டுதுன்னுதான் சொன்னேன், இல்லைன்னு சொல்லல." நாச்சிமுத்து உட்காரவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள், வரிசையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போதும் நிதானமாக: இந்த அட்டை இருக்கு என்று காட்டினால் நம்பலாம், இல்லை என்று காட்டினால் அதை மட்டும் வைத்து நம்ப முடியாது, இருக்கிறதையே நிறையத் தடவை விட்டுவிடும், ஊர் முழுக்க இப்போது ஃப்ளூ ஓடுகிறது, திடீர்க் காய்ச்சல், உடம்பு முறிக்கிற வலி, கட்டின தொண்டை, எல்லாம் அதே சாயல், பெரிய லேபு சொல்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தால் மாத்திரையின் பலன் குறைந்துபோகும், காய்ச்சல் வந்து ரெண்டு நாளைக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். "நல்ல திடமான ஆளா இருந்தா கஞ்சியும் தண்ணியும் குடிச்சுட்டுப் படுங்கன்னு அனுப்பிருவேன். உங்களுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும்."

"இல்லாத நோவுக்கு மாத்திரையா?" "நான் அட்டைக்கு வைத்தியம் பண்ணல, உங்களுக்குப் பண்றேன்." "அப்பறம் எதுக்கு அந்தக் குச்சி? மூக்குல விட்டு வேடிக்கை பாக்கறதுக்கா?" "இருக்குன்னு காட்டியிருந்தா உங்களோட இவ்வளவு பேச வேண்டியிருக்காது, அதுக்கு." பின்னால் நின்ற நர்ஸுப் பெண் இருமுகிற மாதிரி சிரித்தாள். நாச்சிமுத்துவுக்குக் காதுமடல் எரிந்தது. எந்தச் சந்தையிலாவது உண்டா இது, மாட்டில் பழுது இல்லை என்று எல்லோர் முன்னாலும் தெரிந்துபோன பிற்பாடும் பழுது மாட்டுக்கு உண்டான வைத்தியத்தைத்தான் செய்வேன் என்று நிற்கிற நியாயம்? அசைந்து கொடுக்க வேண்டாமா, ஒரு விரலாவது மடக்க வேண்டாமா? "சரி, பாதி மாத்திரை குடுங்க, பாத்துட்டு மீதிக்கு வர்றேன்." "பாதியில எல்லாம் நிறுத்தக் கூடாது." "நாளைக்கு லேபு சொல்லட்டும், அப்ப வாங்கிக்கறேன்." "அப்ப லேட்டு." "கடைசியா என்னதான் சொல்றீங்க?" "முதல்ல சொன்னதேதான்." துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "நீங்களே வெச்சுக்குங்க" என்றார். அவள் எழுதின தாளைக்கூட மேசையிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கதவு. பெஞ்சுகள். படத்துக் குழந்தை. படிக்கட்டு. மாடியிலிருந்து தெருவுக்கு இறங்குகிற குறுகலான படிக்கட்டு, பாதியில் ஒரு திருப்பம், அங்கே நின்றார். நிற்கவில்லை, செருப்பு வாரைச் சரி செய்தார். இப்போது குரல் வரும். ஐயா, நில்லுங்க என்று அந்த நர்ஸுப் பெண்ணை ஓடவிடுவாள், ஓடி வரட்டும், இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்ப வேண்டும். மேலே மணி அடித்தது. "அடுத்து வாங்க" என்றது அவள் குரல். யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிற காலடி, கதவு சாத்துகிற சத்தம். செருப்பு வார் சரியாகத்தான் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டாள். இது என்ன யாவாரம், முதுகைக் காட்டினால் அடுத்தவனைக் கூப்பிடுகிற யாவாரம்? விற்கிறவள் இப்படி விடுவாளா? விற்கிறவள் விட மாட்டாள். விட்டுவிட்டாள் என்றால்— அந்த நினைப்பு பாதியில் நின்று தலையைத் திருப்பி இவரைப் பார்த்தது. விட்டுவிட்டாள் என்றால் அவள் விற்கவில்லை. சுவரைப் பிடித்தார், சுவர் ஜில்லென்று இருந்தது, சுவர் ஜில்லென்று இல்லை, கைதான் கொதித்தது. அப்போது தடுத்து வைத்திருந்தது மொத்தமும் மடை உடைத்துக்கொண்டு வந்தது: சினைமாட்டுக்குக் காய்ச்சல் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்தில் நாச்சிமுத்துவைவிடத் தெரிந்தவன் எவன்? பார்த்திருக்கிறார், ஒன்றில்லை, பத்தில்லை, மூக்கு உலர்ந்துபோய், காது தொங்கி, கன்று வயிற்றில் புரளுகிறபோது எழுந்திருக்கப் பார்த்து, முன்கால் மடங்கி, மூச்சு வாங்கி, மூச்சு வாங்கி... பார்க்கிற யாவாரி விலையைக் குறைத்துக்கொண்டே வருவான், கடைசியில் ஒருத்தனும் விலை கேட்க மாட்டான். போதும். தெரியும். காலையில் அந்த இருமலைக் கேட்டபோதே தெரியும், அதனால்தான் வந்தார், மயிலாத்தா சொல்லி வரவில்லை, தன் மூக்கைக் காட்டி அவளுக்கு இல்லை என்று வாங்கிப் போக வந்தார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வாணி. "ஏனுங்கப்பா, ஊசி போட்டாங்களா? அழுதீங்களா?" அந்தச் சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது, நீளமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமுகிற இருமல், இடையில் அந்த முனகல். இந்தத் தடவை கொப்பளிக்க வாயில் தண்ணீர் இல்லை. "எத்தனை நேரமா இப்படி இருமறே?" "ராத்திரியில இருந்துங்கப்பா. அடிச்சுப் போட்டாப்பல இருக்குது. அம்மா மிளகுக் கசாயம் வெச்சுக் குடுத்துச்சு. எங்க வீட்டு அத்தை வேற போன் பண்ணி, மாசமா இருக்கறப்ப இங்கிலீசு மாத்திரையைத் தொட்டுடாதேன்னு ஒரே சத்தம்." "மேலு சுடுதா?" "கொஞ்சம்." "கொஞ்சம்னா?" மூச்சு மட்டும் வந்தது, பிறகு, "உங்க பேரன் மட்டும் ஜோரா உதைச்சுட்டுக் கெடக்கறான்" என்றாள். "போனை வெக்காதே" என்றார். "அப்படியே இரு." போனைக் காதிலிருந்து எடுக்காமல் திரும்பினார். இறங்கின படியில் கூப்பிடாமல் ஏறுவது, அதைப்போல ஒரு ஏற்றம் அவர் வாழ்க்கையில் ஏறினதில்லை. ஒவ்வொரு படியும் சந்தை மொத்தமும் கூடி நின்று கைகொட்டிச் சிரிக்கிற மாதிரி இருந்தது, தம்பிக்கு நாக்குல எச்சி ஊறுதுடோய், ஆமாண்டா, ஊறுது, சிரிங்கடா, எல்லோரும் நல்லாச் சிரிங்க, நான் ஏறுகிறேன்.

"யோவ், வரிசையில வாய்யா, நாங்க என்ன மாடு மேய்க்கவா உக்காந்திருக்கறோம்" என்றான் பெஞ்சிலிருந்து ஒருத்தன். "மேய்ச்சிருந்தா உனக்குப் புத்தி வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினார். டாக்டர் அம்மா குழந்தையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொய் சொன்னேன்" என்றார் நாச்சிமுத்து, கதவைப் பிடித்துக்கொண்டு, அதட்டுகிற குரலில், ஏதோ பொய் சொன்னவள் அவள் என்பது போல. "வீட்டுல என்ற புள்ள இருக்கறா. எட்டு மாசம். ராத்திரியில இருந்து இருமறா. மேலு சுடுது. நான் குடிச்ச டம்ளர்ல குடிச்சா." டாக்டர் டார்ச்சை அணைத்தாள். அவள் முகம் முதல் முறையாக மாறியது. "அப்பவே கேட்டேனே! அதுக்காகத்தானே கேட்டேன்! என்ன மனுஷன் ஐயா நீங்க?" "திட்டுங்க, நிறையத் திட்டுங்க, நின்னு கேட்டுக்கறேன். முதல்ல இவளுக்குச் சொல்லுங்க" என்று போனை நீட்டினார். அவள் வாங்குகிறவரைக்கும் நீட்டியபடியே நின்றார். அவள் வாங்கி ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள், மூச்சு வாங்குதாம்மா, பேசும்போது திணறுதா, நெஞ்சு வலி இருக்கா, குழந்தை அசைவு எப்படி, தண்ணி குடிக்க முடியுதா. பிறகு, "உடனே கிளம்பி வா. மாசமா இருக்கறவங்களுக்கு இது நெஞ்சுல எறங்கினா வேகமா எறங்கிரும். குச்சி விட்டுப் பாப்பேன், ஆனா அது என்ன சொன்னாலும் மாத்திரையை இங்கயே ஆரம்பிச்சுருவேன். மூச்சு சரியில்லைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே அனுப்பறேன். வாயை மூடிக்கிட்டு வா, மாஸ்க் போட்டுக்கிட்டுன்னு சொல்றேன்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து மயிலாத்தாளின் குரல் குறுக்கே விழுந்தது, "ஐயோ, சம்பந்தியம்மா என்ன சொல்லுவாங்க" என்று. "சம்பந்தியம்மாகிட்ட நான் பேசிக்கறேன், நீ ஆட்டோவைக் கூப்புடு" என்று நாச்சிமுத்து மேசையைப் பார்த்துக் கத்தினார்; தாயின் மடியிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது.

"அப்பா" என்றாள் வாணி. "அந்த மாத்திரையில கொளந்தைக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்கப்பா?" நாச்சிமுத்து டாக்டரைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க" என்றார் தாழ்ந்த குரலில். "இத்தனை வருசமா மாசமா இருக்கறவங்களுக்குக் குடுத்துட்டுத்தான் இருக்கோம். கெடுதல்னு பாத்ததில்ல. குடுக்காம விடறதுதான் பெரிய ஆபத்து. அதுக்கு மேல சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது" என்றாள் அவள். சத்தியம் பண்ணமாட்டாளாம். இந்த வாய் எத்தனை மாட்டுக்கு அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறது, இருபது படி கறக்கும், உதைக்காது, முட்டாது, நான் ஜவாப்தாரி என்று, பசுவின் முகத்தைக்கூடப் பார்க்காமல். இப்போதும் ஒரு சத்தியத்தை எடுத்து வீசலாம், வாய் தயாராகத்தான் இருந்தது, போனுக்கு அந்தப் பக்கம் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவாள். கருமம், அந்தச் சத்தியங்களுக்கு என்ன மதிப்பு என்று அவரைவிட யாருக்குத் தெரியும். சத்தியம் பண்ண மாட்டேன் என்கிறவள் வார்த்தை ஒன்றுதான் இந்த அறையில் நிற்கிற மாதிரி இருந்தது. "எனக்குத் தெரியாது கண்ணு" என்றார். "இந்தம்மா முதல்ல சொன்ன சொல்லுல இருந்து எறங்கவே இல்ல. நானும் எவ்வளவோ இழுத்துப் பாத்துட்டேன். கிளம்பி வா."

அவருடைய முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார்கள், முகமூடி மாட்டிவிட்டார்கள், தள்ளி நில்லுங்க, மகள் பக்கத்துல போகாதீங்க, தொடாதீங்க, மூச்சு வாங்கினா ஆகட்டும், காய்ச்சல் விட்டுட்டுத் திரும்ப வந்தா ஆகட்டும், யாரையும் கேக்காம வாங்க என்று சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், தலையாட்டுவது பழகிவிட்டிருந்தது. பெஞ்சில் உட்கார முடியவில்லை. கீழே வந்து தெருவில் நின்றார். சந்தையின் ரெண்டாம் நாள், ரோடு கொள்ளாத லாரி, கரும்பும் தேங்காய் மட்டையும் மாடும் ஏற்றிக்கொண்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போயின, புழுதி, டீசல், தலைக்குள் உலக்கை. முகமூடிக்குள் தன் மூச்சே தனக்குச் சுட்டது. ஆட்டோ எதிர்ப் பக்கம்தான் வந்து நின்றது. மயிலாத்தா இறங்கினாள், கை கொடுத்தாள், அப்புறம் வயிறு, அப்புறம் வாணி, முகத்தில் ஒரு நீலத் துணியைக் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் இவரைத் தேடிக்கொண்டு, கண் ரெண்டும் உள்ளே போய், ரோட்டோரம் நின்று கொண்டே ஒரு இருமல் இருமினாள், லாரிச் சத்தத்தில் அது கேட்கவில்லை, உடம்பு குலுங்கினது மட்டும் தெரிந்தது. கடக்க இடம் கிடைக்கவில்லை. ஒரு லாரி போனால் அதன் வாலைப் பிடித்தாற்போல அடுத்தது. நாச்சிமுத்து இறங்கினார். நடு ரோட்டில் போய், முறுக்கி நின்று, உள்ளங்கையை விரித்துத் தூக்கினார், முன்னால் வந்த தேங்காய் லாரி கிறீச்சிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது, சூடான காற்று முகத்தில் அடித்தது.

"யோவ் பெருசு! சாகறதுக்கு என்ற லாரிதான் கெடைச்சுதா?"

"சாகற ஆளு இப்படித்தான் நிப்பானாடா? ஆப் பண்ணுடா வண்டியை!"

பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று, வரிசையாக ஹாரன் அடித்தார்கள். காலை அகட்டி ஊன்றினார். "வா கண்ணு, மெதுவா வா, ஒருத்தனும் நகர மாட்டான்" என்று கத்தினார். அவள் ஒரு கையை வயிற்றின் அடியில் கொடுத்து, ஒரு கையை அம்மா தோளில் போட்டு, கன்றுக்குட்டி தண்ணீரில் கால் வைப்பது போலத் தார் ரோட்டில் கால் வைத்தாள். கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் கடந்தாள். நீட்டாமல், தூக்கின கையைத் தூக்கினபடி நின்றார். "அப்பா, நீங்க முதல்ல ஓரமா வாங்க" என்றாள் துணிக்குள்ளிருந்து. "நீ போ, திரும்பிப் பாக்காதே." அவள் படிக்கட்டின் வாயில் மறைந்தாள். லாரிக்காரன் இன்ஜினை உறுமவிட்டான், எட்டிப் பார்த்து, "போயிட்டாங்கல்ல, வழியை விடுய்யா" என்றான்.

"அடிடா, எத்தனை ஹாரன் வேணாலும் அடி" என்றார் நாச்சிமுத்து. "அவ மாடிப்படி ஏறி முடிக்கற வரைக்கும் இந்த ரோடு என்னுது."